பதினேழாம் நம்பர் கல்லிலிருந்து

மாமு,

என் கை நாறுகிறது. இரண்டு முறை சோப்பு போட்டும் சங்கரா மீன் வாடை போகவில்லை, நகக்கண் வரைக்கும் ஏறியிருக்கிறது. எழுதுகிற காகிதமும் நாறுகிறது. அது உன் நினைவேந்தல் அழைப்பிதழ். ஊரெல்லாம் கொடுக்கச் சொல்லி ஒரு கட்டைப் போட்டுவிட்டுப் போனார்கள், உன் பெண்டாட்டி கஸ்தூரி அதில் மீன் மடித்துக் கொடுக்கிறாள். மிச்சமிருப்பவற்றின் பின்பக்கத்தில் நான் எழுதிக்கொண்டிருக்கிறேன். முன்பக்கத்தில் நீ கன்னத்தில் கை வைத்துக்கொண்டு எங்கேயோ தூரத்தில் பார்க்கிறாய். படத்துக்குக் கீழே 'பெண் விடுதலைப் போராளி' என்று இருக்கிறது. அதற்கும் கீழே பதினோரு பேச்சாளர்கள். பதினோரு பேரும் ஆண்கள்.

பன்னிரண்டாவது நான். 'மடல் வாசிப்பு: தோழர் ஜோசப், ஐந்து நிமிடம்' என்று போட்டிருக்கிறார்கள். "கேக்கறவன் கண்ணு கலங்கணும் தோழர்" என்று நம் வாசிப்பு வட்டத்துக்காரர்கள் சொல்லிவிட்டுப் போனார்கள். கூட்டம் இன்றைக்கு, ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு, சாலைக்கு அந்தப் பக்கம் உங்கள் ஊர் மண்டபத்தில். ஆண்களுக்கு லீவு நாள், வசதியான நேரம். மீன் விற்கிற பெண்ணுக்கு வாரத்திலேயே அதிக வியாபாரம் நடக்கிற நேரம் அதுதான் என்பது பதினோரு போராளிகளில் ஒருத்தருக்கும் தோன்றவில்லை. நீ இருந்திருந்தாலும் தோன்றியிருக்காது.

நான் மண்டபத்தில் இல்லை. மீன் மார்க்கெட் கூடத்தில், மீன் பரப்பி விற்கிற பதினேழாம் நம்பர் கல்லுக்குப் பின்னால், உன் பெண்டாட்டியின் மனைப்பலகையில் உட்கார்ந்திருக்கிறேன். துறைமுகத்தில் முப்பது வருடம் கிரேன் ஓட்டியவன், இன்றைக்கு மாதா கோயில் பூசையையும் விட்டுவிட்டு ஈ ஓட்டிக்கொண்டிருக்கிறேன். மற்ற கற்களெல்லாம் ஈரச் சாக்கு மூடிக் கிடக்கின்றன, பெண்கள் எல்லோரும் உன் கூட்டத்துக்குப் போயிருக்கிறார்கள். கஸ்தூரி தன் சாப்பாட்டுத் தூக்கை மாட்டுகிற கொக்கியில் உன் பேனரின் கயிற்றைக் கட்டியிருக்கிறார்கள். தூக்கு கீழே தரையில், தண்ணீரில் இருக்கிறது.

உன்னை நான் முதலில் பார்த்தது எண்ணூர்க் கழிமுகத்தில். அனல்மின் நிலையத்துச் சாம்பல் தண்ணீர் முழங்கால் வரைக்கும், நீ அதில் இறங்கி நின்று கத்திக்கொண்டிருந்தாய். போலீஸ் உன்னைத் தூக்கும்போதும் கத்தினாய். பயமில்லாத ஆள் என்று நினைத்தேன். அது உண்மைதான். உன்னைக் கோழை என்றோ பொய்யன் என்றோ சொல்ல எனக்கு இன்றைக்கும் வாய் வராது. சொன்னதையெல்லாம் நீ நம்பினாய். அதனால்தான் உன்னை யாராலும் திருத்த முடியவில்லை.

திருவொற்றியூரில் உதிரி பாகக் கடைக்கு மேலே அந்த மாடி அறை. மாதத்தில் இரண்டு சனிக்கிழமை, பத்துப் பன்னிரண்டு ஆண்கள் பாயில் உட்கார்ந்து பெண்ணியம் படிப்போம். என்னை அங்கே இழுத்துக்கொண்டு போனது நீதான். "மாமு, ஆம்பளயா பொறந்ததுக்கு நாம மொதல்ல வெக்கப்படணும்" என்றாய். சரி, வெட்கப்படலாம் என்று நானும் வந்தேன். வெட்கப்பட்டுக்கொண்டே இரண்டு வருடம் டீ குடித்தோம். டீயைக் கொண்டுவந்தது கஸ்தூரி. மதிய வியாபாரத்தை முடித்துவிட்டு, கேனைத் தூக்கிக்கொண்டு அந்தச் செங்குத்துப் படியில் ஏறி வருவாள். அவள் உள்ளே வந்ததும் நீ எழுந்து போய் ஜன்னலைத் திறப்பாய். ஒவ்வொரு முறையும். அது மரியாதைக்குத் திறந்த ஜன்னல் இல்லை என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

ஒரு நாள் என்னிடம் கேட்டாள்: "இன்னாத்தப் பத்திண்ணா இம்மாம் நேரம் பேசிக்கினு கீறீங்க?"

நீ சிரித்துக்கொண்டே சொன்னாய்: "உங்களப் பத்திதான்."

"எங்களப் பத்தியா? எதுனா தெரிலன்னா கேளுங்க, கீழதான் கீறேன்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனாள்.

எல்லோரும் சிரித்தோம். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போது எனக்குக் குமட்டுகிறது. அவள் நக்கலாகச் சொல்லவில்லை, நிஜமாகவே சொன்னாள். இரண்டு வருடத்தில் ஒருத்தன்கூடக் கீழே இறங்கிப் போய் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

மகளிர் தினத்துக்கு ஆண்கள் சமைப்பது என்று நீ ஆரம்பித்தாய், ஞாபகம் இருக்கிறதா? மண்டபத்து வாசலில் அடுப்பு மூட்டி, நாமெல்லாம் தலையில் துண்டு கட்டிக்கொண்டு பிரியாணி கிண்டினோம். போட்டோ எடுத்தார்கள். ஏப்ரன் கட்டிய நீ கரண்டியைத் தூக்கிப் பிடித்திருந்த போட்டோ ஒரு பத்திரிகையில்கூட வந்தது. அரிசி குழைந்து களியாகிவிட்டது, பெண்கள் அதையும் சாப்பிட்டார்கள். சாப்பிட்டு முடித்ததும் நீ மைக்கைப் பிடித்து, உழைப்பைப் பகிர்வதைப் பற்றிப் பேச ஆரம்பித்தாய். பேச்சு முடிவதற்குள் கஸ்தூரியும், அவளோடு மீன் விற்கிற பாக்கியமும் மண்டபத்துப் பின்னால் குந்தி நாலு அண்டாவையும் தேய்த்துக் கவிழ்த்துவிட்டார்கள். நான் அன்றைக்கு வீட்டுக்குப் போனதும் என் பெண்டாட்டி ரீட்டா, "எப்படி இருந்துச்சு?" என்று கேட்டாள். "அருமை" என்று சொல்லிவிட்டு, டிபன் பாக்ஸை அவளிடம் கழுவக் கொடுத்தேன். உன்னைத் திட்டுகிற இந்த மடலில் எனக்கும் பங்கு உண்டு, மறக்கவில்லை.

அப்பா பெயரின் முதலெழுத்தை வெட்டிவிட்டு அம்மா பெயரின் முதலெழுத்தை உன் பெயருக்கு முன்னால் போட்டுக்கொண்டாயே, அதை எத்தனை மேடையில் சொன்னாய்! கைதட்டல் வராத ஊரே கிடையாது. ஓர் இடத்தில் மட்டும் நீ மாற்றவில்லை. ஊர் வரிப் பட்டியலில். அங்கே நீ உன் அப்பாவின் மகனாகவேதான் இருந்தாய். அந்தப் பட்டியல்தான் இன்றைக்கு என்னை இந்தக் கல்லில் உட்கார வைத்திருக்கிறது.

உனக்குத் தெரிந்த கதைதான், ஆனால் நீ அதை வேறு மாதிரி சொல்லிக்கொண்டு திரிந்தாய். அதனால் திரும்பச் சொல்கிறேன். உங்கள் ஊரில் கல்யாணமான ஒவ்வொரு ஆணும் ஊருக்கு வரிக்காரன். கோயில் திருவிழாவோ, வெள்ள நிவாரண அரிசியோ, எது வந்தாலும் அந்தப் பட்டியல்படிதான் பங்கு. ஆண் செத்தால் பெயரை அடித்துவிடுவார்கள். பெண்ணின் பெயர் அதில் எந்தக் காலத்திலும் ஏறியதில்லை. ஊர்க் கூட்டத்துக்குள்ளும் வரிக்காரர்கள்தான் போகலாம். பெண்கள் மண்டபத்துச் சுவருக்கு வெளியே நின்று கேட்டுக்கொள்ளலாம்.

சாலையை அகலப்படுத்த வேண்டும் என்று ஓரத்தில் மீன் விற்றவர்களையெல்லாம் எழுப்பி, பதிலுக்கு இந்தக் கூடத்தைக் கட்டினார்கள். யார் யாருக்குக் கல் என்று ஊரே பட்டியல் கொடுக்கட்டும் என்று அதிகாரி சொல்லிவிட்டார். பெண்கள் அப்போதே விரல் விட்டு எண்ணிப் பார்த்தார்கள். இருபத்து மூன்று பேரில் ஏழு பேருக்குப் புருஷன் இல்லை. செத்துப்போனவன், விட்டுவிட்டு ஓடினவன். கூட்டத்துக்குள் தங்களையும் விடச் சொல்லிக் கேட்டார்கள். நீ அவர்கள் நடுவில் நின்று நெஞ்சில் கை வைத்துச் சொன்னாய்: "நீங்க எதுக்கு உள்ள வந்து பேஜாரு பண்ணிக்கினு? உங்க கொரலா நான் போறேன்."

கூட்டத்துக்கு முந்தின நாள் கஸ்தூரி என்னைக் கூப்பிட்டு ஒரு பட்டியல் எழுதச் சொன்னாள். பஸ் ஸ்டாப்பில் ஆரம்பித்து டிரான்ஸ்பார்மர் வரைக்கும் யார் பக்கத்தில் யார் உட்கார்ந்து விற்கிறார்கள் என்று அவள் வரிசையாகச் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். ஓர் இடத்தில்கூட அவள் தயங்கவில்லை. "எனக்கு இன்னாத்துக்குண்ணா எழுத்து, கண்ண மூடினா தெரியும். பஞ்சாயத்துல குடுக்கத்தான் வோணும்" என்றாள். முதல் பெயர் பாக்கியம். புருஷன் கடலில் போன பிறகு பதினெட்டு வருடமாக அந்த பஸ் ஸ்டாப்பில் அவள்தான் முதல் ஆள். அந்தக் காகிதத்தை நாலாக மடித்து உன் சட்டைப் பையில் கஸ்தூரியே வைத்தாள்.

நான் ராயபுரத்துக்காரன், உங்கள் ஊர் வரிக்காரன் இல்லை. அதனால் பெண்களோடு சுவருக்கு வெளியே நின்றேன். நீ பேசியது மைக்கில் நன்றாகக் கேட்டது. அரை மணி நேரம் பேசினாய். கடல் தாய், ஆதித் தாய், உழைக்கும் தாய் என்று எத்தனையோ தாய் வந்தாள். உள்ளே ஒரு கிழவர் அழுததாகக்கூட நீ பிறகு சொன்னாய். பேசி முடித்ததும் தலைவர் கேட்டார்: "இப்ப இன்னா பண்ணலான்ற?" நீ சொன்னாய்: "ஆணும் பொண்ணும் சமம். குடும்பத்துக்கு ஒரு கல்லு. புருஷன், பொண்டாட்டின்னு பிரிச்சிப் பாக்காதீங்க." தலைவர் ஒரே வரியில் முடித்தார்: "அப்ப வரிப் பட்டியல்படி." நீ "சரி" என்றாய். அந்தச் "சரி" மைக்கில் விழுந்தது.

பட்டியல் உன் பையை விட்டு வெளியே வரவே இல்லை.

நீ வெளியே வந்தாய், முகமெல்லாம் பூரிப்பு. "வெற்றி!" என்றாய். 'மீனவப் பெண்களே எங்கள் ஊரின் கண்கள்' என்று கூடத்துச் சுவரில் எழுத ஊர் ஒத்துக்கொண்டுவிட்டதாம். இங்கேதான் இருக்கிறது அந்த எழுத்து, எனக்கு எதிர்ச் சுவரில், ஓர் ஆள் உயரத்துக்கு. கஸ்தூரி ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"பாக்கியம் பேரச் சொன்னியா?"

"அது அடுத்த கட்டம், கஸ்தூரி."

பாக்கியம் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தாள். அவள் முகத்தை நீ பார்க்கவில்லை. நான் பார்த்தேன். பார்த்துவிட்டு உன் தோளைத் தட்டி, "நல்லா பேசின மாமு" என்றேன். அதை இன்றுவரை என்னால் விழுங்க முடியவில்லை.

நாலைந்து நாள் கழித்துக் கஸ்தூரி உன் சட்டையைத் துவைக்கும்போது பையிலிருந்து கூழாகிப் போன காகிதம் வந்தது. ஒரு தடவையாவது உன் சட்டையை நீயே துவைத்திருந்தால் அதை நீ பார்த்திருப்பாய். அவள் உன்னிடம் சண்டை போடவில்லை. கல் பிரித்துக் கொடுத்த அன்றைக்கு, உன் பெயரில் வந்த இந்தப் பதினேழாம் நம்பர் கல்லின் நடுவில் சுண்ணாம்பால் ஒரு கோடு கிழித்தாள். "பாக்கியக்கா, இந்தப் பக்கம் உன்து" என்றாள். புருஷன் இல்லாத மற்ற ஆறு பேர் கூடத்து வாசலுக்கு வெளியே தார்ப்பாய் விரித்து உட்கார்ந்தார்கள். வாரத்தில் ஒரு நாள் கார்ப்பரேஷன் லாரி வந்து தட்டோடு அள்ளிக்கொண்டு போகும்.

நீ அந்தச் சுண்ணாம்புக் கோட்டைப் பற்றிக் கட்டுரை எழுதினாய். 'எங்கள் வீட்டில் பகிர்வு என்பது' என்று ஆரம்பிக்கும். எங்கள் வீடாம்! அதைப் படித்த அன்றைக்குத்தான் டீக்கடையில் உன்னிடம் வாயைத் திறந்தேன். "அந்தக் கோட்டக் கிழிச்சது கஸ்தூரிடா. உன்னாலதான் கிழிச்சா" என்றேன். நீ கோபப்படவில்லை. என் தோளில் கை போட்டு, பாவம் பார்க்கிற முகத்தோடு, "நைனா, நீ தனி மனுஷனப் பாக்கற, நான் வரலாறப் பாக்கறேன்" என்றாய். ஒரு டீயைக்கூட வரலாற்றோடு குடிக்கிற ஆளிடம் என்ன பேசுவது? பேசாமல் போய்விட்டேன். பேசாமல் இருப்பதில் நான் கெட்டிக்காரன்.

நெஞ்சு வலித்து நீ போய் நாற்பது நாளாகிறது. கருமாதி முடிந்த வாரமே ஊர் கூடி உன் பெயரைப் பட்டியலில் அடித்துவிட்டது. உன் மகள் கல்யாணமாகிப் போய்விட்டாள், ஆண்பிள்ளை கிடையாது. ஆகவே உன் பெயரில் இருந்த கல் ஊருக்குத் திரும்பிவிட்டது. நீ தலையாட்டிய அதே சட்டம், ஓர் எழுத்துக்கூட மாறவில்லை. தலையாட்டிய ஆள் போனதும் முதலில் உன் பெண்டாட்டியின் கழுத்தைத்தான் பிடித்தது.

அதோடு நின்றிருந்தாலாவது பரவாயில்லை. நம் வாசிப்பு வட்டம் ஊரிடம் போய் அந்தக் கல்லைக் கேட்டு வாங்கிவிட்டது. உன் நினைவாகப் பெண்கள் படிப்பகம்! கல்லை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஒரு புத்தக அலமாரி. மேலே உன் படம். நல்ல சேதி சொல்லப் பழத்தட்டோடு வந்தார்கள். நானும் கூட வந்தேன், மாமு. மறைத்து என்ன ஆகப் போகிறது?

"அண்ணி, உங்க கல்லு இனிமே அண்ணனோட நினைவிடம்."

கஸ்தூரிக்கு முதலில் புரியவில்லை. "அப்ப நான் எங்க குந்துறது?"

"நீங்க அங்க படிக்க வரலாமே அண்ணி."

அவள் என்னைப் பார்த்தாள். நான் தட்டிலிருந்த ஆப்பிளைப் பார்த்தேன். ராத்திரிச் சாப்பாட்டின்போது ரீட்டாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "நீ இன்னா சொன்ன?" என்று கேட்டாள். "ஒண்ணும் சொல்லல." "அதானே" என்று சொல்லிவிட்டு எழுந்து போனாள்.

மறுநாள் காலையில் கஸ்தூரியிடம் வந்தேன். மிடுக்காகத்தான் வந்தேன். "எனக்கு அஞ்சு நிமிஷம் மைக் குடுத்துருக்காங்க. உங்களுக்காக நான் பேசறேன் கஸ்தூரி" என்றேன். செவுள் வெளுத்த பழைய மீனைப் பார்க்கிற மாதிரி என்னைப் பார்த்தாள்.

"அவரும் இத்ததாண்ணா சொன்னாரு" என்றாள்.

பாக்கியம் பக்கத்தில் உட்கார்ந்து கத்தி தீட்டிக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்காமலே சொன்னாள்: "உன் பேரக் கூப்புடுவாங்கல்ல, அப்ப கஸ்தூரி எந்திரிச்சிப் போவா. துக்கக் கூட்டம், அன்னிக்கு எங்கள உள்ள வராதன்னு எவனாலயும் சொல்ல முடியாது. நீ இங்க குந்து."

"இங்க குந்தி இன்னா பண்றது?"

"கல்லு காலியா கெடந்துச்சின்னு நாளைக்கு எவனும் சொல்லக் கூடாதுண்ணா" என்றாள் கஸ்தூரி. "மீனு இருக்கணும், ஆளு இருக்கணும். வித்துக்கினே இரு."

எனக்கு மீன் ஆயத் தெரியாது என்றேன். நாலு நாள் பாக்கியத்திடம் பாடம். செதிள் சீவ, செவுள் பிய்க்க, குடல் எடுக்க. முதல் நாள் கட்டை விரலை அறுத்துக்கொண்டேன். "கிரேன் ஓட்டின கையாம்" என்று அவள் சிரித்த சிரிப்பில் மார்க்கெட்டே திரும்பிப் பார்த்தது. நேற்று பட்டியலை மறுபடி எழுதினேன், பஸ் ஸ்டாப்பிலிருந்து டிரான்ஸ்பார்மர் வரைக்கும். இரண்டு பேர் இப்போது உயிரோடு இல்லை. அவர்கள் பெயரையும் எழுதச் சொன்னாள். எழுதி முடித்ததும் பழக்கதோஷத்தில் மடித்து என் பையில் வைத்துக்கொண்டேன். அவள் கையை நீட்டினாள். எடுத்துக் கொடுத்தேன்.

காலையில் இரண்டு ஆட்கள் பிளாஸ்டிக் சுற்றிய அலமாரியைக் கொண்டுவந்து தூணோரமாக வைத்துவிட்டு, "கல்ல எடுக்கணும், எந்திரிங்க" என்றார்கள். "வியாபாரம் நடக்குது, தெரில?" என்றேன். ஒருத்தன் என்னை மேலும் கீழும் பார்த்தான். கத்தியை எடுத்து ஒரு சங்கராவை ஆய ஆரம்பித்தேன். செதிள் அவன் செருப்பில் தெறித்தது. அவர்கள் டீ குடிக்கப் போனார்கள், இன்னும் வரவில்லை.

பத்து மணியிலிருந்து ஒலிபெருக்கியில் உன்னைப் புகழ்ந்துகொண்டிருக்கிறார்கள். நீ பெண்ணாகவே வாழ்ந்தாய் என்று ஒருத்தர் சொன்னார். எனக்குச் சிரிப்பு வந்து, காகிதத்தில் எச்சில் தெறித்துவிட்டது. பதினோராவது ஆள் இப்போதுதான் முடித்தார். கைதட்டல். "அடுத்து, மடல் வாசிக்க, தோழர் ஜோசப் அவர்களை..." என்கிறார்கள். இன்னொரு தடவை கூப்பிடுகிறார்கள். ஏதோ நாற்காலி இழுபடுகிற சத்தம்.

"அண்ணி, நீங்க மலர் தூவறது கடைசில..."

"மைக்கக் குடு நைனா."

மைக் கரகரவென்கிறது. கஸ்தூரி மூச்சு விடுவது இந்தச் சாலை முழுக்கக் கேட்கிறது, மாமு. எத்தனை முறை மாடியேறி வந்து இப்படி மூச்சு வாங்கியிருப்பாள், அப்போதெல்லாம் நமக்குக் கேட்டதில்லை.

"பஸ் ஸ்டாப்பாண்ட மொத ஆளு. பாக்கியம்."

 மைக்குக்கு எட்டாத தூரத்திலிருந்து, மண்டபத்துக்குள்ளேயிருந்து, பாக்கியத்தின் குரல்.

"கீறேன்."

"ரெண்டாவது, தேசம்மா."

"கீறேன்."

யாரோ "இது அதுக்கான எடம் இல்லம்மா" என்கிறான். அவன் குரலின் மேலேயே மூன்றாவது பெயர் ஏறுகிறது. நான் உதட்டை அசைத்துக்கொண்டு கூடவே சொல்கிறேன், எனக்கும் இந்த வரிசை மனப்பாடம். உன்னால் எனக்குக் கிடைத்த எல்லாவற்றிலும், நீ பையிலேயே வைத்துக் கூழாக்கிய இந்த இருபத்து மூன்று பெயர்தான் என்னிடம் மிச்சம்.

மீன் வாங்கக் கூடையோடு அம்மா ஒருத்தி கல்லுக்கு முன்னால் வந்து நிற்கிறாள். சங்கராவைத் திருப்பிப் பார்க்கிறாள், என்னைத் திருப்பிப் பார்க்கிறாள்.

"இன்னா நைனா, யாரு கல்லு இது?"

"கஸ்தூரி கல்லும்மா."

"ஆய்ஞ்சி குடுப்பியா?"

குடுப்பேன் என்று சொல்லிவிட்டேன். பேனாவைக் கீழே வைக்கிறேன், மாமு.